மாறிப் பெயருக்கு முன்னால் எஸ்டிஆர், ஐ, எம்_ ... இந்த முன்னொட்டெல்லாம் இன்னும் தேவையா?

#1 – அரைப்புள்ளி

வணக்கம். பைத்தானில் 4 வருடம் எழுதிவிட்டு இரண்டு மாதம் முன்பு ஒரு ஜாவா அணியில் சேர்ந்தேன். முதல் நாளே 'கோடிங் ஸ்டாண்டர்ட்' என்று ஒரு ஆவணம் கையில் கொடுத்தார்கள். எல்லா மாறிக்கும் (நிரலில் ஒரு மதிப்பை வைத்திருக்கும் பெயர்) முன்னொட்டு கட்டாயமாம். எழுத்துச்சரம் என்றால் 'எஸ்டிஆர்', முழுஎண் என்றால் 'ஐ', பூலியன் (ஆம்/இல்லை) என்றால் 'பி', வகுப்பின் உறுப்பு என்றால் 'எம்_', ஒரு செயலுக்குள் அனுப்பும் அளவுரு என்றால் 'பி_'. (தமிழில் எழுதினால் பூலியனும் அளவுருவும் ஒரே 'பி' ஆகிவிடுகிறது, அது வேறு கதை.)

போன வாரம் 60 வரி மாற்றம் ஒன்று அனுப்பினேன். ரிவ்யூவில் 23 கருத்துகள். அத்தனையும் முன்னொட்டு பற்றியே. எல்லாவற்றையும் திருத்தி, ஒப்புதல் வாங்கி, உள்ளே போய்விட்டது. இரண்டு நாள் கழித்து டெஸ்டிங்கில் நல் பாயிண்டர் பிழை (மதிப்பே இல்லாத மாறியைப் பயன்படுத்தினால் வருவது). நான் ஒரு இடத்தில் நல் சோதனை போட மறந்திருக்கிறேன். 23 கருத்து எழுதியவர்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறேன்: இந்த முன்னொட்டால் யாருக்காவது எப்போதாவது பயன் இருந்திருக்கிறதா?

#2 – நள்ளிரவு_டெப்ளாய்

ரூல் என்றால் ரூல். சம்பளம் வருகிறதா? அப்புறம் என்ன, எழுதிவிட்டுப் போங்கள்.

#3 – சுட்டிப்பிழை

தம்பி, உங்கள் ஆவணத்தில் இருப்பது ஹங்கேரியன் முறையின் பேரன். கொஞ்சம் கெட்டுப்போன பேரன். தாத்தா நல்லவர்.

அந்த முறையைக் கொண்டுவந்த சார்லஸ் சிமோனி புடாபெஸ்டில் 1948-இல் பிறந்தவர். ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு 1981-இல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தார். வேர்டும் எக்செலும் அவர் பொறுப்பில் வளர்ந்தவை. (பின்னாளில் சொந்தக் காசில் 2007-இலும் 2009-இலும் விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்ததும் இவரே.) மாறிப் பெயர் வைக்கும் முறை ஒன்றைத் தன் முனைவர் பட்ட ஆய்வுக் காலத்திலிருந்தே வைத்திருந்தார். ஹங்கேரியில் குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அங்கே அவர் 'சிமோனி காரோய்'. மாறிப் பெயரிலும் குடும்பம் முன்னால் வந்ததால் 'ஹங்கேரியன்' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. படிக்கவும் ஏதோ புரியாத மொழி போல் இருந்தது என்பது கூடுதல் காரணம்.

நமக்கு இது புதிதே இல்லை. 'மு. செல்வம்' என்றால் அந்த 'மு' என்ன சொல்கிறது? செல்வம் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிறது. செல்வம் ஒரு மனிதன் என்று சொல்வதற்காக யாரும் 'ம. செல்வம்' என்று எழுதுவதில்லை, அது பார்த்தாலே தெரியும். சிமோனி சொன்னது இனிஷியல். உங்கள் ஆவணம் கேட்பது 'ம. செல்வம்'.

#4 – அரைப்புள்ளி

இனிஷியல் உவமை பிடித்திருக்கிறது அண்ணா. ஆனால் கோடில் அது எப்படி இருக்கும்? ஒரு உதாரணம்?

#5 – சுட்டிப்பிழை

எக்செலை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை எண் ஒரு முழுஎண், நெடுவரிசை எண்ணும் ஒரு முழுஎண். நிரலை மொழிமாற்றும் கம்பைலருக்கு இரண்டும் ஒன்று. வரிசையை எடுத்து நெடுவரிசையில் போட்டால் அது வாயைத் திறக்காது. ஆகவே வரிசை எண்ணுக்கு எல்லாம் 'ஆர்டபிள்யூ' என்றும் நெடுவரிசைக்கு 'கால்' என்றும் முன்னால் போட்டார்கள். ஆர்டபிள்யூ = கால் என்று எங்காவது ஒரு வரி இருந்தால், முன்பின் படிக்காமலே அது தப்பு என்று கண் சொல்லிவிடும்.

தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

    வரி_முதல் = நெடு_கடைசி

ஒரே வரி. நிரல் என்ன செய்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது. இருந்தும் ஏதோ இடிக்கிறது இல்லையா? அதுதான் அந்த முறையின் முழுப் பயன்.

எக்செல் அணியில் இருந்த ஜோயல் ஸ்போல்ஸ்கி 2005-இல் இதே விஷயத்தை இணையப் பக்கங்களுக்குப் பொருத்தி எழுதினார். பயனர் தட்டிய, இன்னும் சுத்தம் செய்யாத சரத்துக்கு ஒரு முன்னொட்டு, சுத்தம் செய்ததற்கு இன்னொன்று. இரண்டும் எழுத்துச்சரம்தான். ஒன்றை அப்படியே பக்கத்தில் அச்சிட்டால் ஊடுருவல் ஓட்டை.

சரி, எங்கே கெட்டது? சிமோனி தன் விளக்கத்தில் 'டைப்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அவர் நினைத்தது 'எந்த மாதிரியான பொருள்' என்பதை. விண்டோஸ் பக்கம் இருந்தவர்கள் அதை 'இன்ட்டா, லாங்கா' (எந்த அளவு முழுஎண்) என்று எடுத்துக்கொண்டார்கள். விண்டோஸ் நிரலாக்கக் கையேடுகள் வழியாக அந்த வடிவம் உலகம் முழுக்கப் பரவியது. முதல் வகைக்கு ஆப்ஸ் ஹங்கேரியன் என்றும் இரண்டாவதற்கு சிஸ்டம்ஸ் ஹங்கேரியன் என்றும் பெயர் வந்தது.

இரண்டாவது வகைக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். விண்டோஸில் ஒவ்வொரு செய்தியோடும் இரண்டு அளவுரு வரும்: டபிள்யூ-பாராம், எல்-பாராம். டபிள்யூ என்றால் வேர்ட், 16 பிட். எல் என்றால் லாங், 32 பிட். 16 பிட் விண்டோஸில் அது உண்மை. 32 பிட்டுக்கு மாறியபோது டபிள்யூ-பாராமும் 32 பிட் ஆனது. 64 பிட்டில் இரண்டும் 64 பிட். பெயர் மட்டும் மாறவில்லை. கோடிக்கணக்கான வரிகளில் இருக்கிறது, யார் மாற்றுவது? இன்றும் அந்த 'டபிள்யூ' பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

அதே மைக்ரோசாஃப்ட் பின்னால் டாட்நெட்டுக்கு எழுதிய வழிகாட்டியில் ஹங்கேரியன் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆனால் இன்டர்ஃபேஸுக்கு முன்னால் 'ஐ' போடும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. கை போன போக்கு.

#6 – கணக்குப்பிள்ளை

எல்லாரும் மைக்ரோசாஃப்டைத் திட்டுவதற்கு முன்னால் ஃபோர்ட்ரானுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். அங்கே முன்னொட்டு பழக்கம் இல்லை, சட்டம். ஐ முதல் என் வரையிலான எழுத்தில் பெயர் தொடங்கினால் முழுஎண். மற்ற எழுத்து என்றால் மெய்யெண். 1957-இல் வந்த முதல் ஃபோர்ட்ரானிலிருந்தே இப்படித்தான். இன்டிஜர் என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்தே ஐ, என். நினைவு வைத்துக்கொள்ள வசதி.

இன்றைக்கும் லூப் என்றால் ஐ, ஜே, கே என்று கை தானாகப் போகிறதே, கணிதத்தில் அடிக்குறியாக ஐ, ஜே எழுதிய பழக்கம் ஃபோர்ட்ரான் வழியாக நமக்கு வந்தது.

கல்லூரியில் பேராசிரியர் சொன்ன பழைய ஜோக் ஒன்று. காட் என்ற பெயரில் ஒரு மாறி வைத்தால், ஜி-யில் தொடங்குவதால் அது ரியல், அதாவது மெய்யெண். "கடவுள் மெய், முழுஎண் என்று அறிவிக்காத வரையில்." ஆங்கிலத்தை விடத் தமிழில் நன்றாக இருக்கிறது.

ஜோக் சரி, அடி எங்கே விழுந்தது என்றால், பெயரைத் தப்பாகத் தட்டினாலும் கம்பைலர் கேட்காது. புதிதாக ஒரு மாறியை உருவாக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும். 'இம்ப்ளிசிட் நன்' என்று முதல் வரியில் எழுதி இந்தச் சட்டத்தையே அணைப்பதுதான் இன்று முதல் பாடம். ஃபோர்ட்ரான் 90-இல் அது அதிகாரபூர்வமாக வந்தது.

#7 – நள்ளிரவு_டெப்ளாய்

வரலாறு எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அரைப்புள்ளி கேட்டது பயன் உண்டா என்று. ஐடிஇ-யில் (நிரல் எழுதும் மென்பொருள்) மாறி மேல் மவுஸை வைத்தால் வகை தெரிகிறது. லினக்ஸ் கர்னலின் எழுத்து முறை ஆவணமும் அதையேதான் சொல்கிறது: வகை கம்பைலருக்கே தெரியும், அதைப் பெயரில் திணிக்காதே. முடிந்தது கதை. இழையை மூடலாம்.

#8 – தரவுத்தள_தாத்தா

மூடாதீர்கள். முன்னொட்டு போடாமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

15 வருடம் முன்னால், ஒரு நிறுவனத்தின் விடுப்புக் கணக்கு மென்பொருள். ஆரக்கிள் தரவுத்தளம். வேலையை விட்டுப் போனவரின் விடுப்பு விண்ணப்பங்களை அழிக்க ஒரு ப்ரொசீஜர் (தரவுத்தளத்துக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதினேன். அளவுருவின் பெயர் பணி_எண். அட்டவணையில் பத்தியின் (நெடுவரிசையின்) பெயரும் பணி_எண். உள்ளே ஒரே வரி:

    டெலீட் ஃப்ரம் விடுப்பு வேர் பணி_எண் = பணி_எண்;

இடது பக்கம் பத்தி, வலது பக்கம் அளவுரு என்று நான் நினைத்தேன். ஆரக்கிள் அப்படி நினைக்காது. எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) வரிக்குள் ஒரே பெயரில் பத்தியும் மாறியும் இருந்தால் பத்திக்குத்தான் முதல் மரியாதை. ஆக, 'பத்தி அதே பத்திக்குச் சமமாக இருக்கும் வரிகளை அழி'. எல்லா வரியிலும் அது உண்மைதானே.

டெஸ்ட் தரவுத்தளத்தில் நான் போட்டு வைத்திருந்தது ஒரே ஒரு பணியாளரின் 6 விண்ணப்பங்கள். ஓட்டினேன், 6 வரி அழிந்தது, சரியாக வேலை செய்கிறது என்று டிக் அடித்தேன். லைவில் முதல் முறை ஓட்டியபோது மொத்த அட்டவணையும் காலி. கமிட்டையும் (மாற்றத்தை நிரந்தரமாக்கும் கட்டளை) ப்ரொசீஜருக்குள்ளேயே எழுதித் தொலைத்திருந்தேன். முந்தைய இரவு பேக்கப்பை மீட்டு, அன்று பகலில் வந்த விண்ணப்பங்களை மனிதவளத் துறையின் தாள்களைப் பார்த்து இரண்டு பேர் உட்கார்ந்து திரும்பத் தட்டினோம். விடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அளவுரு என்றால் பி_, உள்மாறி என்றால் வி_. யார் என்ன சொன்னாலும் சரி. இது வகை சொல்லும் முன்னொட்டு இல்லை, இடம் சொல்லும் முன்னொட்டு.

#9 – அரைப்புள்ளி

தாத்தா, படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

#10 – கணிமொழி

தாத்தா சொன்னதை மதிக்கிறேன், ஆனால் மருந்து வேறும் உண்டு. ஆரக்கிளின் பிஎல்-எஸ்க்யூஎல்லில் ப்ரொசீஜர் பெயரைச் சேர்த்து 'விடுப்பை_அழி.பணி_எண்' என்று எழுதினால் குழப்பமே இல்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 9.0-இலிருந்து இப்படிப் பெயர் மோதினால் பிழை கொடுத்து நின்றுவிடுகிறது, யூகிக்க முயல்வதில்லை. மொழி பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையை முன்னொட்டு பார்த்துக்கொண்டிருக்கிறது.

#11 – தரவுத்தள_தாத்தா

வாஸ்தவம். ஆனால் ப்ரொசீஜர் பெயரைச் சேர்த்து எழுத மறந்தால் அது ஓடும். பி_ போட மறந்தால் ரிவ்யூவில் ஒருவர் கண்ணில் படும். இரவு 11 மணிக்கு எது மேல் என்று யோசித்துப் பாருங்கள்.

#12 – எல்வி_எல்டி

ஆபாப் (எஸ்ஏபி மென்பொருளின் நிரல்மொழி) ஆட்கள் யாரும் வரவில்லையா? எங்கள் பிழைப்பே முன்னொட்டுதான். எல்வி_ என்றால் உள் மாறி, எல்டி_ உள் அட்டவணை, எல்எஸ்_ உள் ஸ்ட்ரக்சர், ஜிவி_ பொது மாறி, ஐவி_ உள்ளே வருவது, ஈவி_ வெளியே போவது. மாறிப் பெயருக்கு 30 எழுத்துதான் இடம், அதில் 3 எழுத்து முன்னொட்டுக்கே போய்விடும். மிச்சத்தில் உயிர் எழுத்துகளை எல்லாம் விழுங்கிவிட்டு எழுதுவோம், பழைய தந்தி மாதிரி.

இப்போது எஸ்ஏபி-யே வெளியிட்டிருக்கும் 'க்ளீன் ஆபாப்' வழிகாட்டி இந்த முன்னொட்டுகளை விடச் சொல்கிறது. எங்கள் வாடிக்கையாளரிடம் காட்டினேன். அவர்கள் ஆவணத்தில் முன்னொட்டுக்கு மட்டும் தனி அத்தியாயம், மீறினால் டிரான்ஸ்போர்ட் (மாற்றத்தை லைவுக்கு அனுப்புவது) போகாதபடி செக் வேறு. "நல்ல கட்டுரை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன். 3000 வரி ரிப்போர்ட்டில், எல்லாம் பொது மாறியாக இருக்கும் இடத்தில், ஜிவி_ என்று பார்த்ததும் 'இதைத் தொட்டால் எங்கோ வெடிக்கும்' என்று கை நிற்கும். அதற்கு மட்டும் நன்றி.

#13 – வெற்றுக்குறி

பெயருக்கு முன்னால் வெறும் அடிக்கோடு போடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. அரைப்புள்ளி பைத்தான்காரர், அவருக்குத் தெரிந்திருக்கும்: ஒரு அடிக்கோடு என்றால் 'இது வீட்டு விஷயம், வெளியார் தொடாதீர்கள்'. பூட்டு கிடையாது, கதவில் மாட்டிய பலகை மட்டும். இரண்டு அடிக்கோடு போட்டால் பைத்தானே பெயரை மாற்றிவிடும்: 'கணக்கு' வகுப்புக்குள் '__இருப்பு' என்று வைத்தால் உள்ளே '_கணக்கு__இருப்பு' ஆகிவிடும்.

இதே பழக்கத்தோடு சி பக்கம் போகாதீர்கள். அங்கே இரட்டை அடிக்கோடோ, அடிக்கோடும் பெரிய எழுத்துமோ பெயரின் தொடக்கத்தில் வந்தால் அது கம்பைலருக்கும் நூலகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. இன்று ஓடும், அடுத்த பதிப்பில் மோதும். ரஸ்டில் இன்னொரு அர்த்தம்: 'இந்த மாறியைப் பயன்படுத்தவில்லை, தெரிந்துதான் விட்டேன், எச்சரிக்காதே'. ஒரே ஒரு கோடு, மூன்று ஊரில் மூன்று பேச்சு.

#14 – கணிமொழி

பெரிய எழுத்து என்றதும் நினைவுக்கு வந்தது. தமிழில் மாறிப் பெயர் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? பைத்தான் 3-இல் தாராளமாக வைக்கலாம்:

    விலை = 40
    எண்ணிக்கை = 3
    மொத்தம் = விலை * எண்ணிக்கை

ஒட்டக எழுத்து முறை (நடுவில் வரும் ஒவ்வொரு சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்குவது) நமக்குக் கிடையாது, பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாத மொழி. அடிக்கோடு ஒன்றுதான் வழி. இதில் கோ மொழி செய்யும் கூத்தைக் கேளுங்கள். அங்கே ஒரு பெயர் தொகுப்புக்கு வெளியே தெரிய வேண்டுமானால் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். தமிழ்ப் பெயருக்கு அது எந்தக் காலத்திலும் நடக்காது. முன்னால் பெரிய 'எக்ஸ்' ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று கோ அணியே தன் கேள்வி-பதில் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்று விரட்டிய முன்னொட்டு கொல்லை வழியாக வந்துவிட்டது.

அது மட்டுமா. கோ மொழியில் பெயருக்குள் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே அனுமதி. யூனிகோடில் நம் புள்ளியும் கால், கொம்பு, சுழி எல்லாமும் 'எழுத்து' இல்லை, ஒட்டுக் குறிகள். விளைவு: 'பல' என்று மாறி வைக்கலாம். 'சில' என்று வைக்க முடியாது!

#15 – சுட்டிப்பிழை

பல ஓடும், சில ஓடாது. இதைச் சட்டம் போட்டு மாட்டி வைக்கலாம்.

#16 – கணக்குப்பிள்ளை

முன்னொட்டு போகட்டும், பின்னொட்டு ஒன்றுக்கு நான் பரம ரசிகன்: அலகு. அரைப்புள்ளி, நீங்கள் பைத்தானிலிருந்து ஜாவாவுக்கு வந்தவர். பைத்தானில் ஸ்லீப் 30 என்றால் 30 விநாடி. ஜாவாவில் த்ரெட் ஸ்லீப் 30 என்றால் 30 மில்லிவிநாடி. மாறியின் பெயர் 'காத்திருப்பு' என்றால் எது என்று எப்படித் தெரியும்? இரண்டுமே எண். 'காத்திருப்பு_மிவி' என்று எழுதினால் கதை முடிந்தது. 'ஐ_காத்திருப்பு' என்று எழுதினால் அது முழுஎண் என்று தெரியும். அது யாருக்கு வேண்டும்?

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தபோது தொலைந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று தள்ளுவிசைக் கணக்கைப் பவுண்டு-விநாடியில் கொடுத்தது. வாங்கிய பக்கம் நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. சுமார் நாலரை மடங்கு வித்தியாசம். பெயரில் அலகு இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், இரண்டு அமைப்புகளுக்கு நடுவே போனது பெயர் இல்லை, வெறும் எண்கள் நிறைந்த கோப்பு. ஆனால் எண் தனியாகப் பயணம் செய்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

#17 – கணிமொழி

அதற்கும் இப்போது வகையே இருக்கிறது ஐயா. ஜாவா 8-இலிருந்து 'டியூரேஷன்' உண்டு. அதைப் பயன்படுத்தினால் பின்னொட்டும் வேண்டாம்.

#18 – கணக்குப்பிள்ளை

அம்மா, சரி. ஆனால் கான்ஃபிக் கோப்பில் எழுதும் பெயருக்கு எந்த வகை வந்து காப்பாற்றும்? அங்கே என் பின்னொட்டு இருக்கட்டும்.

#19 – அரைப்புள்ளி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஆவணத்தை யார் எழுதியது என்று விசாரித்தேன். இப்போதைய மென்பொருளின் முதல் பதிப்பு விபி 6-இல் (மைக்ரோசாஃப்டின் பழைய விஷுவல் பேசிக்) இருந்ததாம். அங்கே திரையில் வரும் பெட்டி, பொத்தான், லேபிளுக்கு டிஎக்ஸ்டி, சிஎம்டி, எல்பிஎல் என்று போடுவது வழக்கம்; அறிவிக்காத மாறியும் ஓடும் மொழி என்பதால் முன்னொட்டுக்கு ஓரளவு நியாயமும் இருந்தது. ஜாவாவுக்கு மாற்றியபோது நிரலைத் திரும்ப எழுதினார்கள். ஆவணத்தில் விபி என்ற இடங்களை ஜாவா என்று மாற்றினார்கள். அவ்வளவுதான்.

லீடிடம் போய் 'வகை முன்னொட்டை எடுத்துவிடலாம்' என்று கேட்கவில்லை. தாத்தா கதையைச் சொன்னேன். பிறகு கேட்டேன்: 23 கருத்தில் ஒன்றுகூட இந்த மாதிரி பிழையைத் தடுக்குமா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பழைய கோப்புகளைத் தொட வேண்டாம், பாதி அப்படி பாதி இப்படி என்று இருந்தால் இன்னும் மோசம் என்றார். புதிய கோப்புகளில் வகை முன்னொட்டு வேண்டாம். எஸ்க்யூஎல் பக்கம் பி_ இருக்கட்டும். நேரம் என்றால் அலகு கட்டாயம். மீதியை லின்ட் கருவி (நிரலைத் தானாகச் சோதிப்பது) பார்க்கட்டும், மனிதர்கள் அதைப் பற்றி ரிவ்யூவில் எழுதக் கூடாது. எம்_ பற்றி மட்டும் அணி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

நேற்று புது முறையில் முதல் மாற்றம் அனுப்பினேன். ஒரே ஒரு கருத்து வந்தது, 'விடுப்பு_நாள்' என்ற மாறிக்கு: "நாள் என்றால் தேதியா, எத்தனை நாள் என்ற எண்ணிக்கையா?"

#20 – தரவுத்தள_தாத்தா

நல்ல கேள்வி. எண்ணிக்கை என்றால் இன்னொன்று: அரை நாள் விடுப்பு உண்டா?

#21 – அரைப்புள்ளி

உண்டு. முழுஎண்ணாக வைத்திருந்தேன். இப்போதுதான் மாற்றினேன், அறிவித்த இடமும் அதை வாங்கும் இரண்டு மெத்தடும். 41 இடத்தில் வரும் பெயரைத் தொடவே இல்லை.